இடது கன்னத்து வலியும் என் இரண்டு கைகளும்

ஜெனி, வினோ, இரண்டு பேருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது வினோ கேட்டான். "அப்பா, கொரோனா டைம்ல நீ எங்களோட பேசவே மாட்டியே. எங்க மேல இன்னா காண்டு உனுக்கு?" ஜெனி அவனைக் கிள்ளினாள். கிள்ளினாள் என்றால் அவளுக்குள்ளும் அதே கேள்வி கிடக்கிறது. "வூட்டுக்குப் போய் சொல்றேன்டா" என்றேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் வாயால் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன். நான் பத்தாவதில் கணக்கில் தவறியவன். எழுத்துப் பிழை இருந்தால் ஜெனி திருத்திக்கொள். விஷயத்தைத் திருத்தாதே.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. பேசினால் வலித்தது. அவ்வளவுதான். அந்த அவ்வளவு எவ்வளவு என்று சொல்லத்தான் இத்தனை பக்கம்.

நான் துறைமுகத்தில் என்ன வேலை பார்த்தேன் என்று உங்களுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். "எங்கப்பா கப்பல்ல கை ஆட்டுறவரு" என்று வினோ டீச்சரிடம் சொல்லி வைத்தான். தப்பில்லை. கப்பலின் வயிறு மூன்று நாலு மாடி ஆழம் இருக்கும். அதற்கு ஹேட்ச் என்று பேர். உள்ளே ஆட்கள் நின்று சரக்கைக் கொக்கியில் மாட்டுவார்கள், கழற்றுவார்கள். உயரத்தில் கேபினில் உட்கார்ந்து கிரேன் ஓட்டுகிறவருக்கு அந்த அடிப்பகுதி தெரியாது. நான் விளிம்பில் நின்று கீழே பார்த்து, மேலே இருப்பவருக்குக் கையால் சொல்லுவேன். சுட்டுவிரலை மேலே காட்டிச் சுழற்றினால் தூக்கு. கீழே காட்டிச் சுழற்றினால் இறக்கு. கையை விரித்து நீட்டினால் நில். எனக்கு வாய்த்த கிரேன்காரர் பாஷா. உங்கள் பாஷா மாமாதான். பன்னிரண்டு வருஷம் அவர் கண், என் கை.

இந்த வேலையில் ஒரு சட்டம் உண்டு. சுமை அந்தரத்தில் தொங்கும்போது கை வேறு எதற்கும் போகக் கூடாது. மூக்கு அரிக்கட்டும், கண்ணில் தூசி விழட்டும், கை முகத்துக்குப் போகாது. போனால் மேலே இருப்பவர் அதை ஒரு கட்டளையாக எடுத்துக்கொள்வார், கீழே யாராவது நசுங்குவார்கள். அதனால் எங்கள் கை வேறு, உடம்பு வேறு. இதில் எனக்குப் பெருமை அதிகம். வீட்டில் கூட இரண்டு கையையும் தொடை மேல் வைத்துக்கொண்டு அசையாமல்தான் உட்காருவேன். "இன்னாய்யா, போட்டோவுக்குக் குந்திக்கினு கீற" என்று உங்கள் அம்மா பிலோ கல்யாணமான புதிதில் இருந்து கேட்கிறாள்.

முதல் ஊரடங்கு போட்டு நம் தெருவைத் தகரம் வைத்து அடைத்தார்களே, அப்போதுதான் ஆரம்பித்தது. ஊர் நின்றது, துறைமுகம் நிற்கவில்லை. எனக்குப் பாஸ் இருந்தது. ஒருநாள் காலை வேலைக்குக் கிளம்ப ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தேன். பிளேடு இடது கன்னத்தைத் தொட்டது. ஈரக் கையோடு பிளக்கைப் பிடித்தால் சுரீர் என்று ஏறுமே, அது கன்னத்துக்குள் ஏறியது. காதுப் பக்கத்தில் இருந்து மேல் உதடு வரைக்கும். பத்து எண்ணுவதற்குள் போய்விட்டது. போன பிறகு ஒன்றுமே இல்லை, சுத்தமாக. கண்ணாடியில் பார்த்தேன், வெட்டுக்காயம் கூட இல்லை.

பிறகு பல் தேய்த்தால் வந்தது. சோறு மென்றால் வந்தது. கடல் காற்று பட்டால் வந்தது. மாஸ்க் போட்டால் வந்தது. ஊரே மாஸ்க் போட வேண்டிய காலத்தில் எனக்கு மாஸ்க் துணி பட்டாலே ஷாக். கடைசியில், பேசினால் வந்தது. "ஜெனி" என்று சொல்ல மேல் உதடு எவ்வளவு அசைகிறது என்று யாராவது யோசித்துப் பார்த்திருப்பார்களா? நான் பார்த்தேன். அதனால்தான் உன்னைக் கைதட்டிக் கூப்பிட ஆரம்பித்தேன். நாயைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது என்று நீ அழுதாய். உண்மையைச் சொல்ல வேண்டுமானால் இன்னொரு வார்த்தை பேச வேண்டும். பேசவில்லை.

பல் வலி என்றுதான் நினைத்தேன். அப்போது பல் ஆஸ்பத்திரி ஒன்றும் திறக்கவில்லை. தெரிந்தவர் மூலமாக டோல்கேட் பக்கம் ஒரு பல் டாக்டர் பின்வாசல் வழியாகப் பார்த்தார். தலையில் இருந்து கால் வரை பிளாஸ்டிக் உடுப்பு. "பல்லு பார்க்க நல்லாத்தான் கீது" என்றார். "நல்லா கீறது இவ்ளோ வலிக்குமா சார்? புடுங்குங்க" என்று நான்தான் அடம்பிடித்தேன். பிடுங்கினார். பத்து நாள் கழித்துப் போய்ப் பக்கத்துப் பல்லையும் பிடுங்கச் சொன்னேன். இரண்டு நல்ல பல் போனது. வலி இருந்த இடத்திலேயே இருந்தது.

மாஸ்க் தொல்லையால் தினமும் ஒரு சண்டை. துணியை மூக்குக்குக் கீழே இறக்கி விட்டுக்கொண்டு போவேன். ஒரு போலீஸ்காரர் லத்தியை நீட்டினார்.

"யோவ், மேல ஏத்து."

நான் ஜாடையில் வலிக்கிறது என்றேன்.

"இன்னா பேஜாரு புடிச்ச ஆளு நீ? வாய்ல கொழுக்கட்டையா? உனுக்கு மட்டும் கொரோனா லீவு வுட்டுக்கீதா?"

கூட வந்த பிலோ அதைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் வேலையை ஆரம்பித்தாள். பழைய குடையை உடைத்து இரண்டு கம்பி எடுத்தாள். வளைத்து, அதன் மேல் துணியைத் தைத்து, கன்னத்தில் படாமல் கூடாரம் மாதிரி நிற்கிற ஒரு மாஸ்க் செய்தாள். நாலு தடவை பிரித்துத் தைத்தாள். ஒவ்வொரு தடவையும் என் முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மாட்டிப் பார்ப்பாள். போட்டுக்கொண்டு போனதும் கப்பலில் அத்தனை பேரும் சிரித்தார்கள். "மாமு, கொக்கு மாரி கீற. மீன் புடிக்கவா வந்த?" என்றார் பாஷா. சிரிக்கட்டும். அந்தக் கொக்கு மூக்கோடுதான் நான் நாலு மாசம் வேலை பார்த்தேன்.

வலியோடு கூட இன்னொன்றும் வந்தது. அதைச் சொல்லத்தான் எனக்கு வெட்கம். பயம். நம் பக்கத்தில்தான் நோய் அதிகம் என்று டிவியில் தினமும் சொன்னார்கள். மூலக்கொத்தளம் சுடுகாட்டுப் பக்கம் வண்டி திரும்புகிற சத்தம் கேட்டால் என் நெஞ்சு இறுகும். கை மரத்துப் போகும், மூச்சு பாதியில் நிற்கும். செத்தோம், கொரோனாதான் என்று தோன்றும். விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கிற அந்தச் சின்ன மெஷினை வாங்கி வைத்துக்கொண்டு கால் மணிக்கு ஒரு தடவை பார்ப்பேன். பிலோ அதைப் பிடுங்கி அரிசி டப்பாவுக்குள் ஒளித்தாள். "தொண்ணூத்தெட்டு காட்டுதுய்யா. உனுக்கு கீற மூச்சுல பாதிய எனுக்குக் குட்த்தாலும் மிச்சம் கீது. போய்ப் படு."

மூன்று தடவை முகாமுக்குப் போய் டெஸ்ட் எடுத்தேன். மூன்றாவது தடவை குச்சியை இடது மூக்கில் விட்டார்கள். நான் போட்ட சத்தத்தில் வரிசையே திரும்பியது. "எல்லாருக்கும் இதே மாரி குச்சிதான்ணே, உங்களுக்கு மட்டும் இன்னா கத்தல்?" என்றது அந்த நர்ஸ் பெண். மூன்றும் நெகட்டிவ்.

நம் பக்கத்துக் கிளினிக் டாக்டரிடம் போனேன். வலியைச் சொன்னேன், நெஞ்சு இறுகுவதையும் சொன்னேன். அவர் என்னையே பார்த்தார். நான் கைகளைத் தொடை மேல் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தேன். "நிஜமாவே அவ்வளவு வலி இருக்கிறவன் இப்படி உட்கார மாட்டான். கன்னத்தைப் பிடிச்சிக்குவான். உங்களுக்கு இருக்கிறது பயம். டிவி பார்க்கிறதை நிறுத்துங்க" என்று தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். பயம் இருந்தது, அது நிஜம். ஆனால் பயம் இருப்பதால் வலி பொய் என்று அவர் எப்படிச் சொல்லலாம்? திரும்பி வரும் வழியில் இதை உரக்கக் கேட்டேன். அதற்கும் ஒரு ஷாக் அடித்தது.

அதற்குள் வேலையில் ஒரு புதுச் சட்டம் போட்டார்கள். ஹேட்ச் விளிம்பில் நிற்கிற எல்லோரும் உடல் தகுதிச் சான்று வாங்க வேண்டும். இல்லாதவன் இறங்கிக்கொள்ளலாம். எனக்கு உலகத்தில் தெரிந்த வேலை அது ஒன்று. அந்த இரண்டடி விளிம்பு போனால் நான் யார்? கம்பெனி டாக்டர் கண் பார்த்தார், காது பார்த்தார், பிரஷர் பார்த்தார்.

"வேற ஏதாவது தொந்தரவு?"

"இல்ல சார்."

அந்த இரண்டு வார்த்தை பேசும்போது கூடக் கன்னத்தில் அடித்தது. என் முகம் அசையவில்லை, கையும் அசையவில்லை. சான்று கிடைத்தது. என் திறமையை நானே மெச்சிக்கொண்டேன். பிள்ளைகளே, நான் செய்த தப்புகளிலேயே பெரிய தப்பு அதுதான்.

இரண்டு வாரம் கழித்து இரும்புக் குழாய்க் கட்டு இறக்கிக்கொண்டிருந்தோம். பகல் பதினோரு மணி இருக்கும். கீழே ஹேட்ச்சுக்குள் ஆறு பேர். கட்டு அந்தரத்தில் வந்துகொண்டிருந்தது. நான் சுட்டுவிரலைக் கீழே காட்டிச் சுழற்றிக்கொண்டிருந்தேன். கிழக்கே இருந்து ஒரு காற்று வந்து மாஸ்க்குக்குள் புகுந்தது.

அப்படி ஒரு அடி அதற்கு முன்னால் விழுந்ததில்லை. கண் தானாக மூடிக்கொண்டது. எத்தனை நொடி என்று தெரியாது. எனக்குத் தெரிந்தது கீழே இருந்து வந்த கூச்சல். கண்ணைத் திறந்தால் குழாய்க் கட்டு அசைந்தபடி நின்றிருக்கிறது. அதற்கு நேர் கீழே, கால் தடுக்கி விழுந்து எழுந்திருக்காமல் ஒரு ஆள். இடையில் ஒரு ஆள் உயரம்தான் இருந்தது. என் கை? என் கை இன்னும் சுழன்றுகொண்டிருந்தது. இறக்கு, இறக்கு, இறக்கு.

பாஷாதான் நிறுத்தியிருந்தார். நான் சொல்லாமல், அவராக.

கட்டை ஓரமாக வைத்துவிட்டு அவர் கேபினில் இருந்து இறங்கி வந்தார். வேறு யாருக்கும் கேட்காமல் பேசினார்.

"மாமு, உன் கை பேசிக்கினே இருந்துச்சு. ஆனா நீ அதுல இல்ல."

"எப்டித் தெரிஞ்சிது?"

"பன்னெண்டு வருசமா அந்த வெரலத்தான்டா பாத்துக்கினு கீறேன். கட்டு கிட்ட வந்தா நீ மெதுவாக்குவ. இன்னிக்கு ஒரே சீராச் சுத்துச்சு, மோட்டார் மாரி. எனுக்கு பகீர்னுச்சு, புடிச்சிட்டேன்." என் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னா கீது உனுக்கு? மெய்ய சொல்லு."

சொன்னேன். கொக்கு மாஸ்க் ஏன் என்பதில் இருந்து எல்லாவற்றையும். பேசப் பேச நாலைந்து தடவை அடித்தது. நின்று நின்று பேசி முடித்தேன்.

"நீயா போய்ச் சொல்றியா, நான் சொல்லட்டா?" என்றார். அப்போது கோபம் வந்தது. இப்போது சொல்கிறேன், அந்த மாதிரி ஒரு தோஸ்து எல்லாருக்கும் வாய்க்காது.

நான்தான் போனேன். சான்றுக் காகிதத்தை சூப்பர்வைசர் மேஜை மேல் வைத்தேன். "இது பொய் சார். நான் சொன்ன பொய். இன்னிலேருந்து நான் விளிம்புல நிக்க மாட்டேன்." அவர் காகிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "வூட்டுக்குப் போ. அப்புறம் கூப்பிடுறேன்" என்றார்.

நான் வீட்டுக்கு வந்து சொன்னதும் பிலோ அழவில்லை. மறுநாள் காலையில் பெரிய அரசு ஆஸ்பத்திரி நரம்புப் பிரிவு வரிசையில் எனக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். ஒரு ஆளுக்கும் இன்னொரு ஆளுக்கும் நடுவில் சுண்ணாம்பு வட்டம். அந்த வட்டத்துக்குள்ளேயே மூன்று மணி நேரம்.

உள்ளே கண்ணாடி போட்ட ஒரு அம்மா டாக்டர். வயசு என் தங்கச்சி வயசுதான். நான் பழக்கப்படி கைகளைத் தொடையில் வைத்து உட்கார்ந்தேன். போச்சு, இவரும் அதையேதான் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"பேச வேண்டாம். வலி எங்க ஆரம்பிச்சு எங்க போகுதுன்னு கையால காட்டுங்க."

காட்டினேன். காதுக்கு முன்னால் ஆரம்பித்து உதடு வரைக்கும், கன்னத்தில் படாமல், ஒரு விரல் இடைவெளி விட்டு.

"தொடாம காட்டுறீங்க பாருங்க" என்றார் டாக்டர். "இந்த வலி இருக்கிறவங்க கன்னத்தைப் பிடிக்கவே மாட்டாங்க. பிடிச்சா இன்னும் அடிக்கும். எத்தனை பல்லு பிடுங்கினீங்க?"

நான் பல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. இரண்டு விரலைக் காட்டினேன்.

"ரெண்டோட நின்னீங்களே. ஆறு போனவங்க எல்லாம் வந்திருக்காங்க."

அப்போதுதான் அழுதேன். ஐந்து மாசத்தில் முதல் தடவையாக ஒரு டாக்டர் நம்பியிருக்கிறார். கண்ணீர் கன்னத்தில் இறங்கியதும் அதற்கு ஒரு ஷாக். அது எனக்கே சிரிப்பாக வந்தது. சிரித்ததற்கு இன்னொன்று.

அந்த நோயின் பேர் ட்ரைஜெமினல் நியூரால்ஜியா. பேர் பெரிதாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். மூளையில் இருந்து முகத்துக்கு ஒரு நரம்பு வருகிறது, மூன்று கிளையாகப் பிரிகிறது. தொடுவது, சூடு, குளிர் எல்லாவற்றையும் மூளைக்குச் சொல்வது அதுதான். பக்கத்தில் ஓடுகிற ரத்தக் குழாய் ஒன்று அதன் மேல் சாய்ந்து, துடித்துத் துடித்து உரசினால், நரம்பின் மேல் தோல் தேய்ந்துவிடும். வயரில் இன்சுலேஷன் போன மாதிரி. பிறகு காற்று பட்டாலும் அது நெருப்பு பட்டது என்று மூளைக்குச் சொல்லும். இதற்கு வலி மாத்திரை கேட்காது. வலிப்பு நோய்க்குக் கொடுக்கிற மாத்திரைதான் கேட்கும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். கூட்டும்போது ரத்தத்தில் உப்பு குறைகிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும். எனக்குக் குறைந்தது. தலை சுற்றி ஆஸ்பத்திரி வராண்டாவில் விழுந்தேன். அதனால் ஒன்பது நாள் வார்டில் படுக்க வைத்தார்கள்.

வீட்டார் யாரும் உள்ளே வரக் கூடாது. பக்கத்துக் கட்டிலில் அத்திப்பட்டுக்காரர் ஒருத்தர். அனல்மின் நிலையத்தில் சாம்பல் லாரிக்குத் தார்ப்பாய் கட்டுகிற வேலை. முதுகுத் தண்டில் கோளாறு, ஏழு வருஷமாக இடுப்பு வலி.

"நைனா, உனுக்கு எங்க?"

கன்னத்தைக் காட்டினேன்.

"எனுக்கு இடுப்பு. கழுத்துக்குக் கீழ உன்னுத, மேல என்னுத வெச்சா ஒரு நல்ல ஆளு தேறுவான்." பிறகு அவரே சொன்னார். "எங்க ஊர்ல எனுக்கு பேரே நடிகன். காலையில நடப்பேன், சாயங்காலம் முடியாது. நடிக்கிறான்றாங்க. நான் இன்னா சொல்லுவேன் தெரியுமா? டிக்கெட்டு வாங்கினியாடா, வாங்காம எதுக்குப் பாக்குற?"

பிலோ தினமும் கேட்டில் கஞ்சி கொடுத்துவிட்டுப் போவாள். மூடிக்குக் கீழே ஒரு ஸ்ட்ரா இருக்கும். வலது பக்கமாக உறிஞ்சிக்கொள்ளலாம் இல்லையா, அதற்கு. நீங்கள் இரண்டு பேரும் போனில் முகம் காட்டுவீர்கள். நான் பேசாமல் இருந்த மாசங்களில் என் சைகைகளை நீங்கள் கற்றுக்கொண்டுவிட்டீர்கள் என்பது அங்கேதான் எனக்குத் தெரிந்தது. வினோ போனுக்கு முன்னால் நின்று சுட்டுவிரலை மேலே சுழற்றினான். எழுந்து உட்காரணுமாம். எழுந்து உட்கார்ந்தேன். வார்டே பார்த்தது.

எம்.ஆர்.ஐ. என்று ஒரு ஸ்கேன். காந்தக் குழாய்க்குள் படுக்க வைத்து உள்ளே தள்ளுவார்கள். கப்பலில் துரு தட்டுகிற மாதிரி சத்தம். அந்தச் சத்தம் எனக்குப் பழக்கம், அது ஒன்றும் செய்யவில்லை. ஆனால் மூக்குக்கு மேலே நாலு விரலில் கூரை. பயம் வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. கையில் ஒரு ரப்பர் உருண்டை கொடுத்திருந்தார்கள், பயந்தால் அமுக்க. அமுக்கினேன். வெளியே இழுத்தார்கள். மறுபடி போனேன், மறுபடி அமுக்கினேன். "அண்ணே, நாளைக்குப் பார்த்துக்கலாமா?" என்றார் மெஷினை ஓட்டுகிற தம்பி. "இல்ல, தள்ளு" என்றேன். மூன்றாவது தடவை உருண்டையை அவரிடமே கொடுத்துவிட்டுப் போனேன். அவர் வாங்கவில்லை. "பயம் வந்தா அமுக்கத்தாண்ணே இது. வெச்சிக்குங்க" என்றார். வைத்துக்கொண்டேன். வேர்த்தது, நடுங்கியது, அமுக்கவில்லை. படத்தில் ரத்தக் குழாய் நரம்பின் மேல் சாய்ந்து கிடப்பது தெரிந்தது. அம்மா டாக்டர் பேனா முனையால் காட்டினார். அதைப் பார்த்ததும், அந்தக் கிளினிக் டாக்டர் வீட்டுச் சுவரில் இதைப் பெரிசாக ஒட்ட வேண்டும் என்று தோன்றியது.

அம்மா டாக்டர் மனநலப் பிரிவுக்கும் ஒரு சீட்டு எழுதினார். "நான் இன்னா மெண்டலா?" என்று கேட்டேன். "வலி பயத்தைக் கூட்டும். பயம் வலியைக் கூட்டும். ஒண்ணை மட்டும் பிடிச்சா இன்னொண்ணு ஓடும்" என்றார். போனேன். அங்கே ஒரு டாக்டர் என் பயத்தைக் கேட்டு, ஒன்றுக்கும் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். நெஞ்சு இறுகும்போது மூச்சை மெதுவாக வெளியே விடப் பழக்கினார். மாத்திரையும் கொடுத்தார். நான் அதைச் சாப்பிட்டேன். இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், எனக்கு வெட்கம் போய்விட்டது. உங்களுக்கும் ஒருநாள் ஏதாவது வலி வரலாம், பயம் வரலாம். ஒன்றைக் காட்டி இன்னொன்று இல்லை என்று எவன் சொன்னாலும் அடுத்த டாக்டரிடம் போங்கள்.

ஆபரேஷன் ஒன்று உண்டு. காதுக்குப் பின்னால் சின்னதாகத் திறந்து, நரம்புக்கும் குழாய்க்கும் நடுவில் பஞ்சு மாதிரி ஒன்றை வைப்பார்கள். கொரோனாவால் அது தள்ளிப் போனது, பிறகு இரண்டாவது அலையில் இன்னும் தள்ளிப் போனது. அதற்குள் மாத்திரை பிடித்துக்கொண்டது. இன்னும் செய்யவில்லை. தேவைப்பட்டால் செய்துகொள்வேன்.

வீட்டுக்கு வந்து பத்து நாளில் சூப்பர்வைசர் கூப்பிட்டார். மேஜை மேல் ஒரு காகிதம் தயாராக இருந்தது. மருத்துவத் தகுதி இல்லை, சொந்த விருப்பத்தில் விலகிக்கொள்கிறேன் என்று எழுதி, கீழே என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"போட்டுடு. கௌரவமா போயிடலாம்."

"கௌரவமா எங்க சார் போறது?"

நான் ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து வைத்தேன். உயரத்தில் நிற்கக் கூடாது, சைகை வேலை கூடாது, வண்டி ஓட்டக் கூடாது, தரையில் நின்று வேலை செய்யலாம் என்று டாக்டர் எழுதியிருந்தார்.

"எது முடியாதுன்னு நானே சொல்லிட்டேன் சார். யாரும் கண்டுபுடிக்கல. எது முடியும்னு இதுல கீது. அத்தயும் சேர்த்து எழுதுங்க, கையெழுத்துப் போடுறேன்."

"அப்டிலாம் எழுத முடியாதுய்யா."

"அப்ப நான் வெளியில குந்திக்கினு கீறேன்."

ஆபீஸ் வாசல் பெஞ்சில் மூன்று நாள் உட்கார்ந்தேன், பிலோவின் கொக்கு மாஸ்க்கோடு. போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்த்தான். மூன்றாவது நாள் மதியம் பாஷாவும் அன்றைக்கு ஹேட்ச்சுக்குள் இருந்த ஆறு பேரும் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து எனக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். அவர்களில் அன்றைக்கு விழுந்து கிடந்த ஆளும் இருந்தான். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. "நைனா, ஊறுகா வோணுமா?" என்று மட்டும் கேட்டான். சத்தம் போடவில்லை, கோஷம் போடவில்லை. சாப்பிட்டார்கள். கதவுக்குப் பின்னால் சூப்பர்வைசர் நாலு தடவை எட்டிப் பார்த்தார். சாயங்காலம் புதுக் காகிதம் வந்தது. கியர் ஸ்டோரில் சோதனை வேலை.

கியர் ஸ்டோர் என்பது சுமை தூக்குகிற சாமான் வைக்கிற கிடங்கு. கொக்கி, சங்கிலி, சரக்கைச் சுற்றிக் கட்டுகிற ஸ்லிங் என்கிற இரும்பு வயர் கயிறு, எல்லாம் கப்பலுக்குப் போகும் முன் என் கை வழியாகத்தான் போகும். இழை அறுந்திருக்கிறதா, முறுக்கு விட்டிருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்க்க வேண்டும். கெட்டுப்போன ஸ்லிங்கை ஓரமாகப் போட்டால் போதாது. அவசரத்தில் யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள். அதனால் வெட்டிப் போட வேண்டும். "கப்பல்லேருந்து ஸ்டோருக்கு இறக்கி வுட்டுட்டாங்களாமே" என்று தெருவில் கேட்டார்கள். உங்களிடமும் கேட்டிருப்பார்கள். யாரும் என்னை இறக்கவில்லை. நானாக இறங்கினேன்.

சேர்ந்து ஒரு மாசம் இருக்கும். கப்பல் ஒன்று கிளம்ப வேண்டிய அவசரம். சூப்பர்வைசரே ஸ்டோருக்கு வந்துவிட்டார்.

"அந்த நாலு ஸ்லிங்கையும் ஜல்தி அனுப்பு."

மூன்றைக் கொடுத்தேன். நாலாவதை விளக்கு வெளிச்சத்தில் பிடித்தேன். கொக்கி மாட்டுகிற கண்ணுக்கு அருகில், வளைவில், நாலைந்து இழை முள் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

"இது ஆவாது சார்."

"ஒரு தூக்குதான்யா. ஒரே ஒரு தூக்கு. கப்பல் நிக்குது."

"நிக்கட்டும்."

"நீ இங்க கீறதே நான் போட்ட கையெழுத்துல. ஞாபகம் கீதா? இன்னொரு காகிதம் எழுத எனுக்கு எவ்ளோ நேரம் ஆவும்?"

கதவு திறந்திருந்தது. காற்று அடித்தது, கன்னத்தில் சுரீர் என்றது. என் இடது கண் மூடிக்கொண்டது. அவர் அதைப் பார்த்தார். நான் மறைக்கவில்லை. வலி போகிற வரைக்கும் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவரும் நின்றார். போனதும் கட்டரை எடுத்தேன். ஸ்லிங்கை மேஜை மேல் இழுத்து வைத்து, இரண்டு கையாலும் அழுத்தி, நடுவில் வெட்டினேன். கனமான வயர். மூன்று தடவை அழுத்த வேண்டியிருந்தது.

"எழுதிக்குங்க சார்" என்று சொல்லிவிட்டு, அலமாரியில் இருந்து புதுசு ஒன்றை எடுத்துச் சோதிக்க ஆரம்பித்தேன்.